எஸ்தர் பெயரில் ஓடிய மெஷின்கள்

வாருங்கள், வாருங்கள். எல்லோரும் சௌக்கியமா? விஷ்ராந்த்வாடிக்காரர்களுக்கு இந்த மழையில் பஸ் கிடைத்ததா? நாற்காலி போதாதவர்கள் பாயில் உட்காருங்கள். அருள்ராஜ் அண்ணாச்சி இருந்தபோதும் இந்த வீட்டில் நாற்காலியில் கம்ப்யூட்டர் மெஷின்தான் உட்கார்ந்திருக்கும், மனிதர்கள் பாயில்தான். அவரைப் பற்றி நாலு வார்த்தை பேசச் சொல்லிச் சபையார் கேட்டார்கள். நான் பள்ளிக்கூடம் போனவன் இல்லை, டெம்போ ஓட்டுகிறவன். எனக்குச் சுற்றிச் சுற்றித்தான் பேச வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்குத் தளேகாவ் ஸ்டேஷன் பக்கம் சாமான் இறக்கிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. எனக்கு எழுத்து தெரியாது, எண் தெரியும். அண்ணாச்சியின் எண். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார் என்று நினைத்து, "என்ன அண்ணாச்சி, தேறிட்டீயளா?" என்றேன். அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு அவர் மனைவி ஜெயமேரி அக்காவின் குரல். "அண்ணாச்சி போயிட்டாரு மாயாண்டி." அக்காவிடம் தனியாகப் போன் கிடையாது, அவருடையதில்தான் பேச முடியும். அது நியாயம்தான். ஆனாலும் செத்தவரின் நம்பரிலிருந்தே அவர் செத்த செய்தி வந்தது எனக்கு என்னவோ செய்தது. இறக்கிய பெட்டியைத் திரும்ப வண்டியில் ஏற்றிவிட்டேன். தளேகாவ்காரன் சத்தம் போட்ட பிறகுதான் சுய நினைவு வந்தது.

இங்கே பூனாவில், போபோடி சந்தில் அவர் கடை இருந்ததைப் பிள்ளைகள் பார்த்திருக்க மாட்டீர்கள். இன்டர்நெட் வந்த புதிது. பாகங்களை வாங்கி வந்து கம்ப்யூட்டராகச் சேர்த்துக் கொடுப்பார். வீடு வீடாக, ஆபீஸ் ஆபீஸாகக் கொண்டுபோய் இறக்குவது என் வேலை. பக்கத்து மெஸ்காரர், நல்ல மராத்தி மனிதர், ஒரு நாள் ஓடி வந்தார். இன்டர்நெட் பார்த்துக்கொண்டிருந்தபோது நடுவில் ஒரு பெட்டி வந்து, நீங்கள் கார் ஜெயித்துவிட்டீர்கள், யெஸ்ஸா நோவா என்று கேட்டதாம். "யெஸ் தபா தியா, பாய்" என்றார். யெஸ்ஸை அமுக்கியாயிற்று. அதிலிருந்து அவர் மெஷினில் எதைத் திறந்தாலும் துணி போடாத பெண்கள். மெஸ்ஸில் கூட்டம் அதிகமானது வேறு விஷயம். அண்ணாச்சி சிரித்துக்கொண்டே சுத்தம் செய்து கொடுத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "என்ன கேக்குதான்னு எல்லாரும் பாக்காங்க மாயாண்டி. யாரு கேக்குதான்னு ஒருத்தரும் பாக்க மாட்டேங்காங்க."

அவருடைய ஒரு பழக்கத்தை நான்தான் அதிகம் பார்த்திருப்பேன். மெஷினைக் கொண்டுபோய் வைத்து, ஓடவிட்டு, எல்லாம் முடிந்ததும் ஒரு சின்னப் பெட்டியைத் திறப்பார். இந்தச் சாஃப்ட்வேர் யாருடைய பெயருக்கு உரியது என்று அதில் எழுதியிருக்கும். ஒரு நிமிடம் பார்ப்பார், மூடிவிடுவார். எந்த வீடானாலும் அதில் ஒரே பெயர்தான் என்பது படிக்கத் தெரியாத எனக்கே தெரிந்துபோயிற்று. இங்கிலீஷ் எழுத்து. முதல் எழுத்து மூன்று பல் சீப்பு. அடுத்தது பாம்பு. அப்புறம் ஒரு சிலுவை. அப்புறம் ஒற்றைப் படி ஏணி. திரும்பவும் சீப்பு. கடைசியில் தலை பெருத்து, ஒரு காலை முன்னால் நீட்டி நிற்கும் ஆள். "என்னத்த அண்ணாச்சி தினமும் பாக்கீய?" என்று கேட்டேன். "ஆஜர் எடுக்கேன்" என்றார்.

எஸ்தர் அவர்களுடைய ஒரே மகள். பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும்போது அவளுக்காக ஒரு கம்ப்யூட்டர் சேர்த்தார். அதற்கு மட்டும் திருட்டுப் பிரதி போடாமல், கடையில் பெட்டியோடு உண்மையான சாஃப்ட்வேர் வாங்கி, அவள் பெயரிலேயே பதிந்தார். அப்போது அவள் மஞ்சள் காமாலையில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். வீட்டுக்கு வந்ததும் பார்த்துச் சந்தோஷப்படட்டும் என்று சொல்லாமல் வைத்திருந்தார். அவள் வரவில்லை. அதற்குப் பிறகு அவர் செய்த மெஷினுக்கெல்லாம் அந்த முதல் மெஷினிலிருந்து அப்படியே நகல் எடுத்தார். பெயரும் கூடவே போயிற்று. மாற்றலாம், ஒரு நிமிட வேலைதானாம். அவர் மாற்றவில்லை.

எங்கள் ஊரில் பிச்சையாத் தேவர் செத்து வருடக்கணக்காக ரேஷன் கார்டில் அவர் பெயர் இருந்தது. அவர் பங்குச் சர்க்கரையில் அவர் வீட்டார் காப்பி குடித்தார்கள். அவருக்கோ உயிரோடு இருந்தபோது இனிப்பே ஆகாது. அதிகாரி வந்து கேட்டபோது அவர் பெண்டாட்டி, "குளிக்கப் போயிருக்காவ" என்று சொல்லிவிட்டாளாம். அதிகாரியும் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார். ஆனால் அந்தத் தேவர் திரும்பி வந்து கடுதாசி போட்டதில்லை. எஸ்தர் போட்டாள்.

ஒரு மழைக்காலம். நான் பெட்டி எடுக்க இந்த வீட்டுக்கு வந்தபோது ஜெயமேரி அக்கா காப்பி கொடுத்துவிட்டு, "எஸ்தருக்குத் தளேகாவ்ல வேலை கிடைச்சிருக்கு" என்றார். டம்ளர் என் கையில் சுட்டது, கீழே வைக்கத் தோன்றவில்லை. அக்கா டீச்சராக இருந்தவர், தெளிவானவர். எஸ்தரின் மெஷின் இந்த முன்னறையில்தான் இருந்தது. கடைக்கு வரும் மெயிலையெல்லாம் அதில் அவர்தான் படிப்பார். அதில் எஸ்தர் பெயரில் ஒரு மெயில் வந்திருந்தது. நலமா, இதைத் திறந்து பாருங்கள் என்று இங்கிலீஷில் ஒரு வரி. திறந்தால், ஒரு பேக்டரியின் ஷிப்ட் அட்டவணை.

அண்ணாச்சி எனக்கு விளக்கினார். அது ஒரு வைரஸ். ஒரு மெஷினுக்குள் புகுந்ததும், அதில் கிடக்கும் ஏதோ ஒரு காகிதத்தை எடுத்து, அந்த மெஷின் யார் பெயரில் பதிந்திருக்கிறதோ அவர் அனுப்புவதுபோல், முகவரிப் பட்டியலில் உள்ள எல்லோருக்கும் அனுப்பிவிடும். அவர் விற்ற மெஷின்களின் பட்டியலில் எல்லாம் முதல் முகவரி அவர் கடையுடையது. ஏதாவது கோளாறு என்றால் எழுதட்டும் என்று அவரே போட்டு வைத்தது. "திருட்டுச் சாமானுக்கு மருந்து வராது மாயாண்டி" என்றார். "காசு குடுத்து வாங்கினவனுக்குத்தான் கம்பெனிக்காரன் ஓட்டையை அடைச்சுக் குடுப்பான். நான் வித்தது பூராவும் ஓட்டை."

கணபதி வைக்கும் சமயத்தில் விஷ்ராந்த்வாடியிலிருந்து ஒரு வாடகைப் பத்திரம் வந்தது. "வீடு பாத்துட்டா" என்றார் அக்கா. பிறகு யாரோ எழுதிய லீவு லெட்டர். "உடம்புக்கு முடியல போல." தீபாவளிக்கு முன்னால் ஏதோ ஒரு குழந்தைக்குப் பள்ளியில் இடம் கேட்டு எழுதிய விண்ணப்பம் வந்தது. அக்கா அதை எனக்கு வாசித்துக் காட்டிவிட்டு ரொம்ப நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினேழு வயதில் போன பெண், இந்த முன்னறையில் வளர்ந்துகொண்டிருந்தாள். அக்கா சமையலுக்கு இடையில் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து வந்து பார்ப்பார். முகம் தெளிந்திருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அந்த அறைக்குள் செருப்பை விட்டுவிட்டு நுழையவே யோசனையாக இருந்தது. அண்ணாச்சி எல்லாம் தெரிந்தும் பேசாமல் இருந்தார். மெஷின்களைச் சுத்தம் செய்தால் மெயில் நின்றுவிடும். நின்றால் அக்காவுக்கு யார் பதில் சொல்வது?

அவரைப் பேச வைத்தவர் விஷ்ராந்த்வாடி சுபேதார். அவர் இன்று வரவில்லை, முழங்கால் வலி. மிலிட்டரியில் இருந்து ஓய்வு பெற்றவர், மதுரைக்காரர். மெஷினில் உயில் எழுதி வைத்திருந்தார். அதை எஸ்தர் அவருடைய பிள்ளைகள், மருமக்கள், சம்பந்திகள் எல்லோருக்கும் அனுப்பிவிட்டாள். எங்களை வரச் சொன்னார்.

"எஸ்தர் யாருய்யா?" என்றார். "பெரியவன் மெட்ராஸ்ல இருந்து போன் பண்ணி, இந்த வயசுல உங்களுக்கு இது தேவையாப்பாங்கிறான். என் வீட்டுக்காரி ரெண்டு நாளா சோறு வைக்கிறா, முகத்தைக் காட்ட மாட்டேங்கிறா."

"எம் பொண்ணு சார்" என்றார் அண்ணாச்சி.

"உம் பொண்ணு எதுக்குய்யா என் உயிலை ஊருக்கெல்லாம் தபால் போடுறா? அவளைக் கூட்டிட்டு வா, நான் ரெண்டு வார்த்தை கேக்கணும்."

"வர மாட்டா சார்."

"ஏன், மகாராணியோ?"

அண்ணாச்சி தரையைப் பார்த்தார். நான்தான் சொன்னேன். சுபேதார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மெஷினைப் பார்த்தார். அது ஓடிக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்த அவர் மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் யாரோ நிற்பதுபோல் விலகிப் போனார்.

அதன் பிறகு டெம்போவில் ஒவ்வோர் இடமாகப் போனோம். வைரஸை எடுத்தார். உண்மையான பிரதியைக் கைக்காசில் வாங்கிப் போட்டார். எஸ்தர் இருந்த இடத்தில் அவரவர் பெயரை அடித்தார். ஒவ்வொரு தடவையும் அடிக்கும் முன் ஆஜர் எடுத்தார். தளேகாவ் பேக்டரியில் முடித்து வெளியே வந்து, "இன்னைக்கு வேலையை விட்டுட்டா" என்றார். அவர் சிரித்துச் சொன்னாரா எப்படிச் சொன்னார் என்று எனக்கு விளங்கவில்லை.

எல்லா இடமும் முடிந்தது. சில நாளில் சுபேதார் மறுபடி போன் செய்தார். திரும்ப வந்துவிட்டது. பேக்டரியிலும் வந்துவிட்டது. அண்ணாச்சிக்கு அப்போதுதான் உறைத்தது. வந்த ஒவ்வொன்றையும் அக்கா திறந்திருக்கிறார். இந்த வீட்டு மெஷினும் தொற்றிக்கொண்டு, இங்கிருந்து எல்லோருக்கும் திரும்பப் போயிருக்கிறது. ஓட்டையை அடைத்திருந்தாலும், வந்ததை அவரவரே திறந்தால் உள்ளே வந்துவிடுமாம். மற்றவையெல்லாம் நகல். இதுதான் அவளுக்கென்று வாங்கியது, அவள் பெயரில் உண்மையாகப் பதிந்த ஒரே மெஷின்.

"எல்லாத்தையுமா திறந்த?" என்றார் அண்ணாச்சி. நான் வாசலில் நின்றிருந்தேன்.

"வீட்டுக்கு வந்த கடுதாசியைத் திறக்காம என்ன செய்வாங்க?"

"அது அவ இல்ல ஜெயா."

"எனக்குத் தெரியாதாக்கும். சவப்பெட்டியை மூடுறப்ப தலைமாட்டுல நின்னது நான். நீங்க கதவுக்கு வெளியில நின்னீய." அக்கா குரல் உயரவில்லை. "பூனாவெல்லாம் அவ பேரை வச்சுட்டு வந்தீயளே, நான் ஒரு வார்த்தை கேட்டனா? எனக்கு வந்தா மட்டும் தப்பா?"

மெஷினைத் துடைக்க வேண்டும், துடைத்தால் பெயரும் போகும். கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். மெஷின் அப்படியே இருக்கட்டும், பெயரும் இருக்கட்டும். போன் லைனில் இருந்து வரும் வயரை மட்டும் எடுத்துவிடலாம். எதுவும் வராது, எதுவும் போகாது. அக்கா யோசித்தார். "நான் ஒரு தடவ பதில் போட்டுக்கிடுதேன்" என்றார்.

கடைசியாக வந்த மெயில் பேக்டரியிலிருந்து. அதற்கு அக்கா எழுதியது ஒரே வார்த்தை, தமிழை இங்கிலீஷ் எழுத்தில். சாப்பிட்டியா. அனுப்பினார். எனக்கும் சேர்த்துக் காப்பி போட்டு வந்தார். வயரை எடுப்பதற்கு அண்ணாச்சி குனிந்தபோது மெஷின் ஒரு சத்தம் கொடுத்தது. மெயில் வந்தால் வரும் சத்தம். அக்கா வாசித்தார். "சாப்பிட்டேம்மா. நீங்க சாப்பிடுங்க."

வைரஸுக்குத் தமிழ் தெரியாது. அதற்குத் தெரிந்தது நலமா என்று இங்கிலீஷில் கேட்கும் அந்த ஒரு வரிதான். அண்ணாச்சி வயரைப் பிடுங்கிவிட்டார். அக்கா அழவில்லை. எழுந்து போய்த் தட்டு போட்டுச் சாப்பிட்டார். எத்தனையோ நாளாக அவர் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

பதில் போட்டது யார் என்று விசாரிக்க மறுநாளே அண்ணாச்சியும் நானும் தளேகாவ் போனோம். வாட்ச்மேன் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "கல் குருவார் தா, பாய்" என்றான். நேற்று வியாழக்கிழமை. அந்தப் பக்கம் வியாழக்கிழமை பேக்டரிகளுக்கு விடுமுறை, கரண்டும் கிடையாது. ஆபீஸ் பூட்டியே கிடந்ததாம். அந்த ஆபீஸில் தமிழ் தெரிந்தவர் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. திரும்பிப் போபோடி வந்ததும் அண்ணாச்சி சட்டைப் பையிலிருந்து அந்த வயரை எடுத்து, சுருட்டி என்னிடம் தந்தார். "வீட்டுல வச்சா என் கை சும்மா இருக்காது" என்றார்.

இந்த முறை ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனபோது என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். "அன்னைக்குப் பதில் போட்டது நீயா மாயாண்டி?"

"எனக்கு எழுத்தே தெரியாதே அண்ணாச்சி."

"அதான் உன்கிட்ட கேக்கேன். எழுத்து தெரிஞ்சவங்க எல்லார்ட்டயும் கேட்டுட்டேன்." போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். "ஜெயா வயரைக் கேட்டா குடுத்துராத. ரெண்டாவது தடவையும் கேட்டா, நீயே யோசிச்சு முடிவு பண்ணு."

கடையில் கிடைக்காத வயர் இல்லை அது. அக்கா நினைத்திருந்தால் எப்போதோ வாங்கி மாட்டியிருக்கலாம். அவர் இருந்தவரை வாங்கவில்லை. அடக்கம் முடிந்து வந்த அன்று, கல்லறை மண் காலில் ஒட்டியிருக்க, என்னிடம் கேட்டார். என்னிடம் இல்லை அக்கா என்று சொல்லிவிட்டேன். அது என் டெம்போ சீட்டுக்கு அடியில் இருந்தது, இன்றும் இருக்கிறது. அண்ணாச்சியிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அது ஒன்றுதான். அன்றைக்கு ஒரு பெயர் இருந்தது அந்தப் பக்கம். இப்போது இரண்டு பெயர். மாட்டினால் ஒன்றும் வராமல் போனால் அக்கா என்ன ஆவார் என்று ஒரு பயம். வந்துவிட்டால் என்ன ஆவார் என்று இன்னொரு பயம். இரண்டையும் நிறுத்துப் பார்த்து, நேற்று சாயங்காலம் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். அது என்னவென்றால்

"மாயாண்டி, கொஞ்சம் உள்ள வா. மெஷினைத் தூசி தொடைச்சு வச்சிருக்கேன். அந்த வயரு உன்கிட்டதான இருக்கு?"

இதோ வருகிறேன் அக்கா. நீங்கள் டீயைக் குடித்துக்கொண்டிருங்கள், நான் வண்டி வரைக்கும் போய்