பார்ப்பதற்கு எத்தனை இங்கிலீஷ்

வெள்ளவத்தையில் காலி வீதியோரம், ஒரு நகைக்கடைக்கு மேல்மாடியில் நடக்கும் ஆங்கில வகுப்புக்குக் கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் மாறிப் போய்வந்தேன். இங்கிலீஷில் உள்ள ஆசையால் அல்ல. கல்யாணம் முடிந்து சில கிழமைகளிலேயே விமானம் ஏறிப் போன என் மனிதரிடம் போய்ச் சேர வீசாவுக்கான ஆங்கிலப் பரீட்சையில் பாஸ் பண்ண வேண்டியிருந்தது. எந்த நாடு என்று சொல்லமாட்டேன். சொன்னால் அதற்கும் ஒரு ஃபைல் திறப்பார்கள்.

வகுப்பில் முக்கால்வாசிப் பேர் என்னைப் போலத்தான். கழுத்தில் புதுத் தாலிக்கொடி, மேசையில் கவிழ்த்து வைத்த போன், எந்த நேரமும் அதில் ஒரு கண்.

ஒருநாள் மிஸ் பலகையில் செக், இன்ஸ்பெக்ட், எக்ஸாமின், ஸ்கேன், பெரூஸ், ஸ்க்ரூட்டினைஸ் என்று வரிசையாக எழுதினார். எல்லாவற்றுக்கும் நேரே ‘பரிசோதித்தல்’ என்று எழுதிவிட்டு நான் பேனையை மூடினேன். மிஸ்ஸுக்குப் பொறுக்கவில்லை.

“பிள்ளை, டொக்டர் வயித்தை அமத்திப் பாக்கிறது எக்ஸாமின். மாநகரசபை ஆக்கள் சாப்பாட்டுக் கடைக் குசினிக்குள்ள பூந்து பாக்கிறது இன்ஸ்பெக்ட். மாத்திச் சொன்னீங்களோ, டொக்டர் உங்கட வயித்துக்குள்ள கரப்பான் தேடுறார் எண்டு வரும்.”

ஸ்கேன் என்பது இரண்டு பக்கமும் ஓடும் சொல்லாம். விடை தேடிப் பக்கத்தின் மேல் கண்ணை ஓட்டுவதும் ஸ்கேன், ஆஸ்பத்திரியில் அங்குலம் அங்குலமாகப் படம் எடுப்பதும் ஸ்கேன். பேப்பரைச் சும்மா புரட்டுவதற்கு ஆட்கள் பெரூஸ் என்பார்கள், ஆனால் ஆற அமர, ஒரு சொல் விடாமல் வாசிப்பதுதான் அதன் பழைய பொருள் என்றார் மிஸ். செக் என்ற சொல்லை அவர் விளக்கவேயில்லை. தெருவுக்குத் தெரு சோதனைச் சாவடியில் பையைத் திறந்து காட்டி வளர்ந்த எங்களுக்கு அதைப் படிப்பிக்கவா வேண்டும்?

“ஸ்க்ரூட்டினைஸ் எண்டா, பிழை ஒண்டு இருக்கு எண்டு நினைச்சுக்கொண்டு தேடுறது” என்றார் கடைசியாக.

“எங்கட மாமி” என்றாள் பின்வரிசைப் பெண் ஒருத்தி. வகுப்பு முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன்.

பரீட்சையில் பாஸ் பண்ணி விண்ணப்பித்தும் என் வீசாவை மறுத்துவிட்டார்கள். சமர்ப்பித்த படங்களை ஸ்க்ரூட்டினைஸ் செய்ததில், ஒரு படத்திலாவது மணமகள் மணமகனைப் பார்க்கவில்லை, இருவரும் முன்பின் அறியாதவர்களாகத் தெரிகிறார்கள் என்று பதில் வந்தது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பார்க்கவில்லைதான். எப்படிப் பார்ப்பது? மணவறையில் தலையைக் கொஞ்சம் நிமிர்த்தினாலே பின்னால் நின்ற பெரியம்மா முதுகில் தட்டினார். “குனி பிள்ளை, சனம் பாக்குது.” தாலி ஏறியபோது நான் கண்டது என் மனிதருடைய பட்டு வேட்டியின் கரையைத்தான். அடக்கமான பொம்பிளை என்று அன்றைக்கு எல்லோரும் மெச்சிய அதே தலைகுனிவை எங்கேயோ இருக்கும் ஓர் அதிகாரி பொய்க் கல்யாணம் என்கிறார். நிமிர்ந்தாலும் குற்றம், குனிந்தாலும் குற்றம்.

என் மனிதர் என்னைப் பார்த்ததை யாரும் படம் எடுக்கவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு ஒருநாள் அப்பம் சாப்பிடப் போனோம். மொறுமொறுப்பான கரையை நான் முதலில் பிய்த்துத் தின்பதைக் கண்டிருக்கிறார். தன் அப்பத்தின் கரையையும் சுற்றிவரப் பிய்த்து என் தட்டில் வைத்தார். மிஸ் எழுதிய சொற்களில் பெரூஸ் ஒன்றுதான் அந்தப் பார்வைக்குக் கிட்ட வரும். இன்னொருமுறை அவர் என்னை அப்படிப் பார்க்க வேண்டும் என்று எவ்வளவு ஏங்கினேன் என்பதை எந்த விண்ணப்பத்தில் எழுதுவது?

திரும்ப விண்ணப்பிக்கலாம் என்றார் வீசா அலுவல்கள் பார்க்கும் ஏஜென்சிக்காரர். “வீடியோ கோலில கதைக்கேக்க ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கோ தங்கச்சி. ரெண்டு பேரின்ர முகமும் வடிவாத் தெரியோணும். நெருக்கமா இருக்கிற மாதிரி இருக்கோணும்.”

அதோடு எங்கள் கதை பேச்செல்லாம் கெட்டது. முன்பு அவர் பருப்பு அடிப்பிடித்ததைச் சொல்வார், நான் பஸ்ஸில் பட்ட பாட்டைச் சொல்வேன். இப்போது போனை எடுத்ததும் “சிரியும், எடுப்பம்” என்பார். நான் சீப்பால் தலையை இழுத்துவிட்டுச் சிரிப்பேன். “வெளிச்சம் காணாது, ஜன்னல் பக்கம் திரும்பும்” என்பார். எடுத்து முடிந்ததும் இருவருக்கும் களைத்துவிடும். அடுத்ததாக என்ன கதைப்பது என்று தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர் கோல் எடுத்தபோது முகம் வீங்கியிருந்தது. என்ன என்று கேட்டேன். திரும்பக் கேட்டதும் உடைந்துபோனார்.

“என்னால இங்க தனிய இருக்கேலாதப்பா” என்று சத்தமாக அழுதார். அவர் அழுது நான் கண்டதில்லை. கையை நீட்டினால் போன் கண்ணாடிதான் தட்டுப்பட்டது. நானும் அழுதேன். அழுகைக்கு நடுவில் அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னார்:

“இதை எடும். இதையெண்டாலும் நம்புவினம்.”

எடுத்தேன்.

மறுநாள் ஏஜென்சிக்காரர் அந்தப் படத்தை இரண்டு விரலால் இழுத்துப் பெருப்பித்தார். என் மனிதரின் கன்னத்தை நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். பிறகு என் முகத்துக்குப் போனார்.

“கண்ணீர் கிளியராத் தெரியுது. நல்லம். இப்பிடி இன்னும் ரெண்டு மூண்டு இருந்தா கேஸ் ஸ்ட்ரோங். அவரிட்டச் சொல்லுங்கோ.”

எனக்கு அவரிடம் போக வேண்டும். சொல்கிறேன் என்றேன்.