கறுப்புப் புகை

என் பெயர் பேப்பரில் வந்தது வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான். அதுவும் நான் பார்க்காத ஒன்றைப் பார்த்ததாகச் சொன்னதற்காக.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் மர்பி டவுனில் இருந்தோம். நான் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தேன். அப்பா, அம்மா, நான், கல்யாணமாகாத சித்தப்பா என்று நாலு பேருக்கு இரண்டு அறை. சித்தப்பா ஏர்போர்ட்டில் மெக்கானிக். பணக்காரர்களின் சொந்த விமானங்களைச் சோதித்து, பறக்கலாம் என்று கையெழுத்துப் போடுவது அவர் வேலை. தெருவில் யாருடைய ஸ்கூட்டர் கிளம்பாவிட்டாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவரும் சலிக்காமல் போவார்.

ஆடி மாதம். மூன்று நாளாக விடாத தூறல். மேகம் மொட்டைமாடிக்கே இறங்கிவிட்டதுபோல் இருந்தது. கணக்குப் பரீட்சைக்குப் பயந்து வயிற்றுவலி என்று படுத்திருந்தேன். அம்மா கடைக்குப் போயிருந்தாள். கூரையை உரசுவதுபோல ஒரு விமானச் சத்தம் போனது. பயத்தில் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் தூரத்தில் டமாரென்று ஒரு சத்தம்.

காலி மைதானம் ஒன்றில் சின்ன விமானம் விழுந்திருந்தது. அதில் இருந்த இரண்டு பேரும் இறந்துபோனார்கள். தெருவே ஓடியது. வயிற்றுவலி போன இடம் தெரியவில்லை, நானும் ஓடினேன்.

குடையோடு வந்த பத்திரிகைக்காரர் ஒருவர், விழுந்ததை யார் பார்த்தது என்று கன்னடத்தில் கேட்டார். எல்லாரும் சத்தத்தைத்தான் கேட்டிருந்தார்கள். நான் முந்திக்கொண்டு, நான் பார்த்தேன், விழுவதற்கு முன்னால் புகை வந்தது என்றேன். என் டிராயிங் நோட்டில் விழுகிற விமானம் எல்லாமே புகை விட்டுக்கொண்டுதான் விழும். புகையில்லாமல் ஒரு விமானம் விழமுடியும் என்றே எனக்குத் தெரியாது. அவர் என் பெயரையும் வகுப்பையும் எழுதிக்கொண்டார். பக்கத்திலிருந்த போலீஸ்காரரும் எழுதிக்கொண்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அன்று இரவு சித்தப்பா வீட்டுக்கு வரவில்லை. மறுநாள் காலையில் அப்பா என் பெயரைப் பேப்பரிலிருந்து தெருவுக்கே கேட்கும்படி வாசித்தார். மதியம் சித்தப்பா வந்தார். அந்த விமானத்துக்குக் கையெழுத்துப் போட்டது அவர்தான். விசாரணை முடியும்வரை வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம்.

ஷூவைக்கூடக் கழற்றாமல் என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"பாப்பா, நல்லா யோசிச்சு சொல்லு. புகை கறுப்பா வந்துச்சா, வெள்ளையா வந்துச்சா?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். அடி விழும் என்று பயந்தேன். "கறுப்பு" என்றேன். நோட்டில் தீட்டுவது அந்த நிறம்தான்.

"அப்போ பெட்ரோல் ஜாஸ்தியா போயிருக்கு," என்று தனக்குள் சொல்லிக்கொண்டு எழுந்துபோனார். என்னைச் சோதிக்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன். அவர் தன் தப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

மாதக்கணக்கில் தேடினார். கிழித்த காலண்டர் தாள்களின் பின்னால் இன்ஜினை வரைந்து வரைந்து பார்த்தார். யாராவது ஸ்கூட்டரோடு வந்தால், வேறு ஆளைப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்.

கடைசியில் முடிவு வந்தது. மேகத்தில் வழி தெரியாமல் விழுந்திருக்கிறது, இன்ஜினில் ஒரு கோளாறும் இல்லை. திரும்ப வரச்சொல்லி ஆள் அனுப்பினார்கள். அம்மா பாயசம் வைத்தாள். சித்தப்பா போகவில்லை. ஊருக்கு வெளியே ஹெப்பகோடியில் ஒரு லேத் பட்டறையில் சேர்ந்துவிட்டார்.

ஏண்டா இப்படிச் செய்கிறாய் என்று அப்பா சத்தம்போட்டபோது நான் கதவோரம் நின்றிருந்தேன்.

"அவங்க ஒண்ணுமில்லன்னு எழுதிட்டாங்கண்ணா. ஆனா நம்ம பாப்பா பாத்திருக்குதே."

நான் மாட்டிக்கொள்ளவில்லை. அன்று எனக்குப் புரிந்தது அவ்வளவுதான். நிம்மதியாகப் போய் விளையாடினேன்.