அத்திம்பேர் இறக்கிவிட்ட துரை

இப்போதெல்லாம் மீனம்பாக்கத்தில் பெட்டியை மட்டும்தான் நிறுக்கிறார்கள். நாற்பதுகளில் ஆளையே தராசில் ஏற்றுவார்கள். பட்டுப்புடவை மாமியோ, ஜமீன்தாரோ, யாராக இருந்தாலும் எல்லார் எதிரிலும் ஏறி நின்று, இத்தனை பவுண்டு என்று ஒருத்தர் உரக்கச் சொல்வதைக் கேட்டுக்கொண்டுதான் இறங்க வேண்டும். அந்த ஒருத்தர்தான் எங்கள் அத்திம்பேர், அக்கா வீட்டுக்காரர். அப்போது அவர் இன்னும் அத்திம்பேர் ஆகவில்லை.

உலக யுத்தம் முடிந்த கையோடு முளைத்த ஒரு சின்ன விமானக் கம்பெனியில் அவர் பைலட். கம்பெனிக்கு இரண்டே விமானங்கள், எட்டெட்டுப் பேர் உட்காரலாம். எடை பார்ப்பது, மூட்டை ஏற்றுவது, ஓட்டுவது எல்லாம் அவரேதான். இப்படிப் பறந்து பறந்து அனுபவம் சேர்த்துக்கொண்டு, பம்பாயில் இருந்த பெரிய கம்பெனிக்குத் தாவிவிட வேண்டும் என்பது அந்தக் காலத்துப் பைலட் பையன்கள் எல்லாருடைய கனவு. இவருக்கு நிர்ப்பந்தமும் சேர்ந்துகொண்டது. கட்டினால் இவரைத்தான் கட்டுவேன் என்று அக்கா பிடிவாதமாக உட்கார்ந்துவிட்டாள். அப்பாவோ, "ரெண்டு ஓட்டை பிளேனை வெச்சிண்டு ஆகாசத்துல ஜட்கா ஓட்டறான். பெரிய கம்பெனில சேரட்டும், அப்புறம் முகூர்த்தம் பார்க்கலாம்" என்றுவிட்டார். மயிலாப்பூர் வக்கீல் சொன்னால் சொன்னதுதான், வீட்டில் அப்பீல் கிடையாது.

ஒருநாள் பெரிய கம்பெனியின் தலைமை பைலட், ஒரு வெள்ளைக்காரர், இவர் ஓட்டுவதைக் கூடவே உட்கார்ந்து பார்க்க வந்தார். திருப்தியானால் வேலை. அதே பெங்களூர் விமானத்துக்கு அப்பாவும் டிக்கெட் வாங்கியிருந்தார். ஏதோ கேஸ் என்றார். பையனின் லட்சணத்தைப் பார்க்கத்தான் போகிறார் என்பது வழியனுப்பப் போன எனக்குத் தெரியாதா என்ன!

எல்லாரையும் எடை பார்த்தாயிற்று. துரை இருந்ததால் அன்று மட்டும் அத்திம்பேர் எதையும் உரக்கச் சொல்லாமல் காகிதத்தில் குறித்துக்கொண்டார். இத்தனை கனத்தை விமானம் தாங்காது, ஒருத்தர் இறங்கியே ஆக வேண்டும். மற்றவர்கள் எல்லாம் ஒல்லி வியாபாரிகள். கனத்த சரீரம் இரண்டே பேருக்கு. ஒருத்தர் வேலை கொடுக்க வந்தவர், இன்னொருத்தர் பெண் கொடுக்க வேண்டியவர். அத்திம்பேர் காகிதத்தை இன்னொரு தரம் பார்த்தார். பிறகு துரையை இறங்கிக்கொள்ளும்படி இங்கிலீஷில் வெகு மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். துரையின் முகம் மிளகாய்ப்பழமாகச் சிவந்தது. தொப்பியை எடுத்துக்கொண்டு போனவர் போனவர்தான்.

வேலை போச்சு, கல்யாணமும் போச்சு என்று அக்கா சாப்பிடாமல் கிடந்தாள். பெங்களூரிலிருந்து திரும்பிய அப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் பஞ்சாங்கத்தைக் கேட்டார். "அழாதேடி அசடே! வேலை குடுக்க வந்தவனை இறக்கிட்டு மாமனாரை ஏத்திண்டு போனான்டி. பெரிய கம்பெனியாம், பெரிய கம்பெனி! இப்படி ஒரு பிள்ளையை நான் எங்க போய்த் தேடுவேன்?" அவர் கண் கலங்கி நான் பார்த்தது அன்றுதான். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

தையில் கல்யாணம். பின்னாளில் சர்க்கார் எல்லாக் கம்பெனிகளையும் ஒன்றாகச் சேர்த்தபோது, அத்திம்பேர் உட்கார்ந்த இடத்திலேயே பெரிய கம்பெனிக்காரர் ஆகிவிட்டார். அப்பாவுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. பார்க்கிறவர்களிடமெல்லாம் பெங்களூர்க் கதையைத்தான் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்பாவின் காரியமெல்லாம் முடிந்த அன்று, "எப்படி அத்திம்பேர் அவ்வளவு பெரிய வேலையைத் தூக்கி எறிஞ்சேள்?" என்று கேட்டேன். அவர் அக்கா பக்கத்தில் இல்லையே என்று பார்த்துக்கொண்டார்.

"எறியறதாவது! யார் கனமோ அவா இறங்கணும், அதான் ரூல். துரை ரெண்டே ரெண்டு பவுண்டு ஜாஸ்தி. நல்ல வேளை, அன்னிக்கு ஏகாதசி. மாமா பச்சைத் தண்ணி பல்லுல படாம வந்திருந்தார்."