கோவிந்தா பஸ்ஸில் ஒரு பிளாஸ்க் கள்ளு

தொண்ணூறுகளின் நடுவில், கல்யாணமான முதல் வருடம், நானும் என் மனைவியும் திருப்பதியில் குடியிருந்தோம். நாட்டின் கதவைத் திறந்துவிட்டார்கள் என்று பேப்பரில் தினமும் எழுதிக்கொண்டிருந்த காலம். திறந்த கதவு வழியாக உள்ளே வந்த ஒரு வெளிநாட்டு வாஷிங் மெஷினை, துவைகல்லே போதும் என்று நிம்மதியாக இருந்தவர்களிடம் விற்பது என் பிழைப்பு. வருடக் கடைசியில் டார்கெட்டை முடித்தாக வேண்டும் என்று லீவு தர மறுத்துவிட்டார்கள். அதனால் அந்தக் கிறிஸ்துமஸுக்கு மனைவியின் ஊரான நாகர்கோவிலுக்குப் போக முடியவில்லை. அவள் மாசமாக வேறு இருந்தாள்.

நான் சித்தூர்க்காரன். எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் சாப்பாடு என்றால் கேழ்வரகுக் களியும் பிதுக்குப்பருப்பு போட்ட ஆட்டுக்கறிக் குழம்பும்தான். மார்கழியில் வரும் பச்சை மொச்சையை ஊறவைத்து, கொட்டை கொட்டையாக விரலால் அழுத்தித் தோலை நீக்கினால் வழுக்கிக்கொண்டு வெளியே வருமே, அந்தப் பருப்பு. சர்ச்சுக்குப் போய்வந்து, கையெல்லாம் மொச்சை வாசனையோடு களியை உருட்டுவதுதான் பண்டிகை என்று நம்பி வளர்ந்தவன் நான். பெத்லகேம் மாட்டுக்கொட்டகையிலும் அன்றைக்கு இதைத்தான் கிண்டியிருப்பார்கள் என்கிற ரேஞ்சில் மனைவியிடம் அளந்துகொண்டிருந்தேன்.

அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கர்த்தர் பொறந்த அன்னைக்குக் களியா? அப்ப துக்க வீட்டுக்கு என்ன வைப்பிய?" என்றாள்.

அவர்கள் ஊரில் அன்று காலையில் ஆப்பம். தேங்காய்ப்பால் மணக்கிற கறி. அரைத்த மாவில் முதல்நாளே கள்ளு ஊற்றிப் புளிக்க வைப்பார்களாம். ஈஸ்ட் போடலாமே என்று என் பொது அறிவைக் காட்டினேன்.

"ஈஸ்ட் போட்டா உப்பும். மணம் வராதுல்லா" என்றாள்.

பண்டிகைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை எஸ்டிடி பூத்திலிருந்து அவள் வீட்டுக்குப் பேசினாள். கண்ணாடிக் கூண்டுக்கு வெளியே நான் நின்றிருந்தேன். எல்லோரையும் விசாரித்த பிறகு, "கள்ளு சொல்லி வச்சாச்சா?" என்று கேட்டது மட்டும் வெளியே கேட்டது. வந்தவள் சிரித்தாள். "ஒங்க அம்மை குடுத்துவிட்ட பருப்பு இருக்குல்லா. அது போதும்" என்றாள். அழுதிருந்தால் ஒரு சினிமாவுக்குக் கூட்டிப்போய்ச் சமாளித்திருப்பேன். அந்தப் 'போதும்'தான் என்னைப் படுத்திவிட்டது.

கோயில் ஊரில் கள்ளு எங்கே கிடைக்கும் என்று கேட்க எனக்கு நா எழவில்லை. சர்ச்சில் பாட்டுக் குழுவில் இருந்தவன், இருமல் மருந்தைக்கூட லேபிள் படித்துவிட்டுக் குடிப்பவன். கடைசியில் ஒரு டீலர், வடமாலபேட்டை தாண்டிப் பனந்தோப்பு இருப்பதாக, என்னை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டே சொன்னார். இருபத்திநாலாம் தேதி மத்தியானம் வாடிக்கையாளரைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

தோப்பில் இருந்தவர் பானையை எடுத்துக்கொண்டே, "இங்கியே குடிக்கிறியா சார், எட்த்துக்கினு போறியா?" என்றார்.

"குடிக்க இல்லை. ஆப்ப மாவுக்கு."

"மாவுக்கா? போன வாரம் ஒருத்தரு மாட்டுக்குன்னு வாங்கிக்கினு போனாரு. ஏதோ ஒண்ணு சொல்லணும் இல்ல."

பாட்டிலில் கொண்டுபோனால் பார்க்கிறவர்களுக்குத் தெரியும், வாசனையும் வரும். ஆகவே என் மூளையை உபயோகித்தேன். கம்பெனி அன்பளிப்பாகக் கொடுத்த தெர்மாஸ் பிளாஸ்க்கில் வழிய வழிய ஊற்றி, கார்க்கை அழுத்தி, மூடியையும் திருகினேன். காப்பி என்று நினைத்துக்கொள்வார்கள்.

நகரியிலிருந்து வந்த பஸ்ஸில் ஏறினேன். முக்கால்வாசிப் பேர் மஞ்சள் உடுத்தி மலைக்குப் போகிறவர்கள். பக்கத்தில் நடுத்தர வயது அம்மா ஒருவர், மடியில் துணிமூட்டையோடு இடம் ஒதுக்கிக் கொடுத்தார். யாரோ "கோவிந்தா!" என்று குரல் கொடுக்க, பஸ் முழுக்கத் திருப்பிச் சொன்னது. வெயிலும் பஸ்ஸின் குலுக்கலும் சேர்ந்து கள்ளுக்குள் என்ன செய்யும் என்பதை நான் படித்த எந்தப் புத்தகமும் சொல்லித் தந்திருக்கவில்லை. மடியில் பிளாஸ்க் லேசாக முனகியது. காற்றுப் போகட்டும் என்று மூடியைத் திருகி எடுத்தேன். அவ்வளவுதான். கார்க் பறந்துபோய்க் கூரையில் அடித்தது. நுரை பொங்கி என் சட்டையிலும் அந்த அம்மாவின் மஞ்சள் புடவையிலும் வழிந்தது. அடுத்த கோவிந்தா வரவில்லை. அதற்குப் பதில் கள்ளு வாசனை முன்சீட்டு வரைக்கும் போனது.

"மலைக்குப் போற பஸ்ல கள்ளா? ஆள பாத்தா ஆபீசர் கணக்கா கீறான்!" என்று ஒருவர் எழுந்தார். கண்டக்டர் விசிலடித்து வண்டியை நிறுத்தி, "திகண்டி சார், திகண்டி!" என்றார். இறங்கு என்று அர்த்தம். தெலுங்கு தெரியாவிட்டாலும் அவர் கை நீட்டிய திசை புரிந்திருக்கும். பிளாஸ்க்கில் பாதிதான் மிச்சம். இறங்கி, வெறும் ரோட்டில் அடுத்த பஸ்ஸுக்கு நின்றால் மாவு புளிக்க நேரமிருக்காது. இந்த வாசனையோடு எவன் ஏற்றுவான் என்பது வேறு.

பக்கத்து அம்மா புடவையை உதறிக்கொண்டு, "இன்னா நைனா இது?" என்றார். எங்கள் பக்கம் அப்பாவும் நைனாதான், பாசத்தில் பிள்ளையும் நைனாதான். அந்த ஒரு சொல்லில் நான் உடைந்துபோய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்: ஆப்பம், கிறிஸ்துமஸ், லீவு, நாகர்கோவில்.

"முழுகாம கீறாளா பொண்ணு?"

தலையாட்டினேன். அவர் எழுந்துவிட்டார்.

"யப்பா கண்டக்டரு, வாயும் வயிறுமா கீற பொண்ணு ஆசப்பட்டுக் கேட்டது இது. எறக்கி வுட்டீன்னா அந்தப் பாவம் உன்னுது. எம் பொடவதானே நனஞ்சிது? நான் மலமேல கோனேரிக் கொளத்துல முழுகிக்கிறேன். வண்டிய எட்றா."

கண்டக்டர் விசில் கொடுத்தார். எழுந்து நின்ற ஆள், "மொதல்லியே சொல்றதுக்கு இன்னா?" என்று என்னைத் திட்டிக்கொண்டே உட்கார்ந்தார்.

அந்த அம்மா பிளாஸ்க்கை என் கையிலிருந்து பிடுங்கினார். "குடு. நீ புட்சா மறுபடி வெடிக்கும்." மூட்டையைக் காலடியில் தள்ளிவிட்டு அதை மடியில் நிமிர்த்தி வைத்து, முந்தானை நுனியால் அதன் வாயை மூடி, குலுங்கும்போதெல்லாம் விரலைத் தளர்த்திக் காற்றை விட்டுக்கொண்டே வந்தார். நடுநடுவே மற்றவர்களோடு கோவிந்தாவும் சொன்னார்.

திருப்பதி நெருங்கும்போது, என்னைப் பார்க்காமலே பேசினார். "எம் பொண்ணு பம்பாய் பக்கம் பிவண்டில கீறா. மருமகனுக்கு அங்க பவர்லூம்ல வேல. அதுக்கும் இப்பத்தான் ஏழாம் மாசம். அவளுக்காவத்தான் மலைக்குப் போறேன். போன்ல பேசினா. பிதுக்குப்பருப்புக் கொழம்பு துன்னணும்மான்னா." முந்தானையைத் தளர்த்திக் கொஞ்சம் காற்றை விட்டார். "போன்லயா ஊத்தறது?"

பஸ் நின்றதும் பிளாஸ்க்கைப் பிள்ளையைக் கொடுப்பதுபோல் என் கையில் கொடுத்துவிட்டுக் கூட்டத்தில் இறங்கிப் போனார். பேரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை ஆப்பச் சட்டியைத் திறந்ததும் வந்த ஆவியில் மனைவி முகத்தைக் காட்டிக்கொண்டு அப்படியே நின்றாள். அப்போதுதான் அழுதாள். தேங்காய்ப்பால் கறி வைக்கவில்லை. சித்தூர் பிதுக்குப்பருப்புக் குழம்பை நாகர்கோவில் ஆப்பத்தின் மேல் ஊற்றிச் சாப்பிட்டோம். இரண்டு ஊர்க்காரர்களும் ஒப்புக்கொள்ள முடியாத சேர்க்கை. எனக்கு வாயில் வைத்ததும், அந்த அம்மாவின் மகள்தான் ஞாபகத்துக்கு வந்தாள்.

அன்று வயிற்றில் இருந்த என் மகள் இப்போது கனடாவில் இருக்கிறாள். ஆப்பமும் பிதுக்குப்பருப்பும்தான் உலகத்துக் கிறிஸ்துமஸ் சாப்பாடு என்று அங்கே அளந்துகொண்டிருக்கிறாளாம். போன டிசம்பரில் வீடியோவில் எங்கள் தட்டைப் பார்த்துவிட்டு, "இங்க ஈஸ்ட்தான்ப்பா. மணமே வரல" என்றாள். அன்றிலிருந்து இன்றுவரை நாட்டின் அந்தத் திறந்த கதவு வழியாக எத்தனையோ கம்பெனிகள் வந்துவிட்டன, போனிலேயே முகத்தைக்கூட அனுப்புகிறார்கள். ஆனால் மடியில் என் பிளாஸ்க்கை வைத்துக்கொண்டு அந்த அம்மா கேட்ட கேள்விக்கு மட்டும் இன்னும் எவனும் பதில் கண்டுபிடிக்கவில்லை, ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் தட்டைப் போனுக்கு அருகே தூக்கிக் காட்டிக்கொண்டு நான்தான் அசட்டுத்தனமாக உட்கார்ந்திருக்கிறேன்.