இரண்டு மணி நாடி

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம். கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்கிறேன். ஷிப்ட் முடிந்து, நீல நிற கம்பெனி சட்டையோடு வரும் பெண்கள் கூட்டம். அதில் ஒருத்தி என்னையே பார்க்கிறாள். நான் போனை எடுத்துத் தலையைக் குனிந்துகொண்டேன்.

"இன்னாக்கா, பாத்தும் பாக்காத மாரி நிக்கிற? போன் ஸ்க்ரீனே எரியல, அத்தப் பாத்துக்கினு கீற!"

ஜெனிஃபர். ஒரு வருடத்துக்கு முன்பு வரை என்னோடு ஒரே வார்டில் நர்ஸாக இருந்தவள். இப்போது பாட்டில்களுக்கு மூடி சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் வேலை.

அவள் ஏன் அங்கே இருக்கிறாள்? சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். இதை நான் பீற்றிக்கொள்ளாத வாரம் உண்டா? அம்மாவுக்குக் கையெழுத்து வராது. இப்போது ரேஷன் கடையில் எல்லோருக்குமே கைரேகைதான் என்பதில் அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம்! நான் பேனாவை எடுத்தால் மட்டும் கண் கொட்டாமல் பார்ப்பாள்.

அந்தப் பேனாவால் நான் செய்த காரியம் இது.

கம்பெனிகளுக்கு நடுவே இருக்கிற தனியார் மருத்துவமனை. முப்பது படுக்கைக்கு நாங்கள் இரண்டு பேர். ஆபரேஷன் முடிந்தவர்களுக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நாடி, பிபி, காய்ச்சல் பார்த்து சார்ட்டில் எழுத வேண்டும். எங்கே நேரம்? பத்து மணிக்குப் பார்க்கும்போதே பன்னிரண்டு மணிக்கும் இரண்டு மணிக்கும் சேர்த்து எழுதிவிடுவோம். எங்கள் வார்டில் இதற்குப் பெயரே உண்டு — அட்வான்ஸ். மேலே இருப்பவர்களுக்கும் தெரியும். கட்டம் காலியாக இருந்தால்தான் திட்டு விழும்.

அன்று பகல் ஷிப்ட். ஜெனிஃபர் இரண்டு டிரிப் பாட்டில் மாற்றிக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்துப் படுக்கைகளுக்கும் நானே அட்வான்ஸ் போட்டேன். பதினோராம் படுக்கை, கஸ்தூரி. வயிற்றில் ஆபரேஷன். பத்து மணிக்கு நாடி 82. பன்னிரண்டுக்கும் 82. இரண்டுக்கு… அதுவும் 82.

ஒன்றரை மணிக்கு அவர் கணவர் கத்தினார். ரோலிங் மில்லில் லோடு ஏற்றுகிறவர். "மேடம்! எழுப்பினா எழுந்துக்க மாட்டேங்கிறா மேடம்!"

டாக்டர் வந்தார். நெஞ்சை அழுத்திப் பார்த்தார்கள். உயிர் போய்விட்டது.

இரண்டு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. கட்டில் காலடியில் தொங்கிய சார்ட்டையே அந்த மனிதர் பார்த்துக்கொண்டு நின்றார். எண் படிக்கத் தெரியும் போல.

"இன்னா மேடம்… ரெண்டு மணிக்கு நாடி ஓடுதுன்னு எழுதிக்கீது. இன்னும் ரெண்டே ஆவலியே?"

நர்சிங் சூப்பரின்டெண்ட் மேடம் சார்ட்டை வாங்கி மடித்துக்கொண்டார். "அது வேற கட்டத்துல எழுத வேண்டியது. மாறிப் போச்சு."

அந்த மனிதர் எங்கள் வெள்ளைக் கோட்டுகளைப் பார்த்தார். "படிச்சவங்க நீங்க. சரியாத்தான் இருக்கும்."

இதைவிட அவர் என்னை அடித்திருக்கலாம்.

தன் அறைக்கு எங்களை அழைத்துப்போய் மேடம் கேட்டார்: "யார் எழுதினது?" நான் பி.எஸ்சி., நிரந்தர வேலை. ஜெனிஃபர் டிப்ளமா, சேர்ந்து மூன்று மாதம். "பதினொண்ணு உன் பக்கம்தானே?" என்று அவளிடம் திரும்பினார். ஜெனிஃபர் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அவ்வளவுதான். அன்றைக்கே அவளை அனுப்பிவிட்டார்கள், அனுபவச் சான்றிதழ்கூட இல்லாமல். அதன் பிறகு எந்த ஆஸ்பத்திரி அவளை எடுக்கும்?

ரயில் வந்தது. பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். கவரைப்பேட்டை தாண்டியதும் கேட்டேன்.

"ஏன் ஜெனி அன்னைக்குச் சொல்லல… நான்தான் எழுதுனேன்னு?"

"நான் சொன்னா நம்பிடுவாங்களா? போக்கா." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "நீயே சொல்லுவன்னு பாத்துக்கினு இருந்தேன். ஆஸ்பத்திரி கேட்டு தாண்டி பஸ் ஸ்டாப்புல கூட நின்னுக்கினு இருந்தேன். ரெண்டு பஸ்ஸ வுட்டேன்."

பொன்னேரியில் நான் இறங்கும்போது, "பாத்துப் போக்கா, படி உயரம்" என்றாள்.

பன்னிரண்டு மணிக்கு கஸ்தூரிக்கு நாடி எவ்வளவு இருந்தது? யாருக்கும் தெரியாது. அப்போது யாராவது மணிக்கட்டைத் தொட்டிருந்தால் பிழைத்திருப்பாரா? அதுவும் தெரியாது. முப்பது படுக்கைக்கு இரண்டு பேர் என்று வாதாடலாம். நிஜம்தான். ஆனால் மூன்று 82-ஐயும் எழுதியது நிர்வாகத்தின் கை இல்லை. எங்கள் வீட்டில் முதன்முதலில் எழுதக் கற்றுக்கொண்ட கை.

வியாழக்கிழமை எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, முழுப் பெயரோடு கையெழுத்துப் போட்டு, நிர்வாகத்திடம் கொடுத்தேன். ஒரு நகல் கஸ்தூரியின் கணவருக்கு. அவருக்குப் படித்துக் காட்டியதும் நான்தான். அவர் தாளை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

இனி என் வேலை என்ன ஆகும், ஜெனிஃபருக்குச் சான்றிதழ் கிடைக்குமா என்று கேட்பீர்கள்.

அதை அட்வான்ஸாக எழுத மாட்டேன்.