நான் அழித்த மூன்று ஃபைல்கள்

போன திங்கட்கிழமை காலை எட்டு மணி. எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரியைக் காட்டிவிட்டு நின்றுவிட்டது. ‘என்டிஎல்டிஆர்’ என்ற ஃபைலைக் காணவில்லையாம்.

எப்படி இருக்கும்? முந்தின நாள் அதை அழித்ததே நான்தான்!

எங்கள் கம்ப்யூட்டரில் இரண்டு விண்டோஸ் உண்டு. என் பழைய கட்டுரைகளுக்குத் தொண்ணூற்றெட்டு, மனைவி விஜியின் வேலைகளுக்கு எக்ஸ்பி. ஸ்விட்சைப் போட்டதும் எது வேண்டும் என்று கேட்கும். டிஸ்கில் இடமில்லையே என்று ஞாயிறு மாலை சுத்தம் செய்ய உட்கார்ந்தேன். பெயரே புரியாத மூன்று ஃபைல்கள்... இதெல்லாம் நமக்கு எதற்கு? தூக்கிப் போட்டேன். கம்ப்யூட்டரை எழுப்புவதே அவைதான் என்று யார் கண்டது?

அழிந்தால் என்ன என்கிறீர்களா? உள்ளே கன்னியம்மாவின் மனு இருந்தது.

கன்னியம்மா கோவளத்திலிருந்து எங்கள் ராஜகீழ்ப்பாக்கத்துக்கு மீன் கொண்டுவருபவர். வெயிலில் உட்கார்ந்து மீன் விற்கும் பதினெட்டுப் பெண்கள், ஒரு கொட்டகை கேட்டு கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்க இருந்தார்கள். பெயர், வயது, ரேஷன் கார்டு நம்பர் — அவர் சொல்லச் சொல்ல விஜி நான்கு மதியங்கள் டைப் செய்தாள். வேறு பிரதி கிடையாது. மனு வாங்கும் நாள் அந்தத் திங்கட்கிழமைதான். மதியம் ஒரு மணிக்குள் கொடுத்தாக வேண்டும்.

கம்ப்யூட்டர் கடைக்காரருக்கு போன் செய்தேன். என்ன பண்ணினீர்கள் என்று கேட்டார். ஒன்றுமே பண்ணவில்லை என்றேன். அப்படியானால் ஃபார்மெட் அடித்துவிடலாம் என்றார். உள்ளே இருப்பதெல்லாம் போய்விடுமே? போகும்தான் என்றார்.

கன்னியம்மா வந்தார். அன்று கூடை இல்லை, நல்ல புடவை. விஷயத்தைக் கேட்டதும் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“இன்னா சார், இப்டி பேஜாராப் பூச்சு... எல்லாரும் பஸ் ஏறிக்கினு கீறாங்க. நான் இன்னான்னு சொல்லுவேன்?”

விஜி என் பக்கம் திரும்பினாள். “உண்மையைச் சொல்லுங்க. என்ன பண்ணீங்க?”

சொல்லிவிட்டேன். விசித்திரமான பெயர்கள் என்பதால் மூன்றும் மனதில் நின்றிருந்தன. ஒரு சீட்டில் எழுதச் சொல்லி, பிரவுசிங் சென்டருக்கு ஓடினாள். அரை மணியில் திரும்பியபோது சீட்டின் பின்பக்கம் முழுக்கக் கட்டளைகள்!

எக்ஸ்பி சிடியைப் போட்டாள். ரிப்பேருக்கு ‘ஆர்’ தட்டினாள். இரண்டு ஃபைல்களை சிடியிலிருந்து காப்பி செய்தாள். மூன்றாவது, எந்த விண்டோஸ் எங்கே இருக்கிறது என்ற பட்டியல். அதைப் புதிதாக எழுத வைத்தாள். ஓரிடத்தில் ஓர் எழுத்து தப்பாகிப்போய் கம்ப்யூட்டர் முரண்டு பிடித்தது. திருத்தினாள். சிடியை எடுத்துவிட்டு... ரீஸ்டார்ட்.

மூன்று பேரும் திரைக்கு அருகே குனிந்தோம்.

திரையில் எக்ஸ்பியின் பச்சைப் புல்வெளி விரிந்தது!

பிரிண்டர் தள்ளிய பக்கங்களில் இருந்த பெயர்களைக் கன்னியம்மா விரல் வைத்து எண்ணினார். “கீது யக்கா. பதினெட்டும் கீது” என்றவர், விஜியின் கையைப் பிடித்துக்கொண்டார். பன்னிரண்டரை மணிக்கு ஒரு ரூபாய் போனிலிருந்து பேசினார். மனு உள்ளே போய்விட்டது, சீல் போட்ட ரசீது கையில் என்றார். மாலையில் விஜி அந்தப் பட்டியலில் இன்னொரு வரி சேர்த்து, என் தொண்ணூற்றெட்டையும் மீட்டுக் கொடுத்தாள்.

டாக்டரோ மெக்கானிக்கோ ‘என்ன பண்ணீங்க?’ என்று கேட்டால், தயவுசெய்து உண்மையைச் சொல்லிவிடுங்கள். மனைவி கேட்டால்... எப்படியும் சொல்லத்தானே போகிறீர்கள்?