இரு தரப்பையும் கேட்ட வரி

மதுரையில் நில மேல்முறையீடுகளை விசாரிக்கும் ஓர் அலுவலகத்தில் ஹாலாஸ்யம் பத்தொன்பது ஆண்டுகளாகத் தட்டச்சர். உத்தரவுகளுக்கென அவரது கணினியில் ஒரு மாதிரிப் படிவம் உண்டு. அதன் நான்காவது வரி, 'இரு தரப்பினரையும் பொறுமையுடன் கேட்டறிந்தேன்' என்பது. வழக்குக்கு வழக்குப் பெயர் மாறும், புல எண் மாறும். பொறுமை மட்டும் மாறியதே இல்லை.

எழுமலை ஊர்ச் சோலையம்மாளின் பட்டா, பக்கத்துக் காட்டுக்காரர் கண்ணுச்சாமியின் பெயருக்கு மாறியிருந்தது. அதைத் திருத்தக் கோரிச் சோலையம்மாள் நான்கு முறை வந்தார்; நான்கு முறையும் வாய்தா. நான்காம் வாய்தாவுக்குக் காரணம் கண்ணியமானது: விசாரணை அதிகாரி வெங்கடேஷ்பாபு, நடுநிலைமை குறித்த மூன்று நாள் பயிற்சிக்குப் போயிருந்தார்.

"நடுநிலைமைன்னா என்ன சாமி?" என்று ஹாலாஸ்யத்திடம் கேட்டார் சோலையம்மாள்.

"ரெண்டு பேரையும் ஒண்ணாப் பாக்கறதும்மா."

"என்னைய இன்னும் பாக்கவே இல்லையே. அவுகளையும் பாக்கலைல்ல?"

கண்ணுச்சாமி அதிகாரியின் அறையில் தேநீர் அருந்தியது எந்தப் பதிவேட்டிலும் இல்லை. ஹாலாஸ்யத்தின் கண்ணில் இருந்தது.

திங்களன்று அதிகாரி சான்றிதழோடு திரும்பினார். அது சுவரேறியதும் தம் பயிற்சிக் குறிப்பைத் தட்டச்சு செய்து பன்னிரண்டு படிகள் எடுக்கச் சொன்னார். அதன் முதல் விதி: 'கேளாதவரைக் கேட்டதாக எழுதலாகாது.' மாலையில் அடுத்த வேலை வந்தது.

"எழுமலைக் கேஸ் தள்ளுபடி. அடிச்சுக் கொண்டாங்க."

படிவத்தைத் திறந்த ஹாலாஸ்யத்தின் விரல் நான்காவது வரியில் நின்றது. பத்தொன்பது ஆண்டுகளில் முதன்முறையாக அதை அழித்தார்.

"நாலாவது வரி எங்கே, ஹாலாஸ்யம்?"

"அந்தம்மாவை இன்னும் கேக்கலையே சார். காலம்பறதான் உங்க நோட்ஸை அடிச்சேன்."

"கிண்டலா?"

"இல்லை சார். ஒரு காப்பி மேலதிகாரிக்கும் போயாச்சு. நீங்கதானே அனுப்பச் சொன்னேள்?"

அதிகாரி சுவரைப் பார்த்தார். சான்றிதழ் அவரைப் பார்த்தது.

"ரெண்டு பேருக்கும் நோட்டீஸ் போடுங்க."

விசாரணை நாளில் சோலையம்மாள் முப்பது ஆண்டுத் தீர்வை ரசீதுகளை முந்தானையிலிருந்து அவிழ்த்து மேசைமேல் பரப்பினார். கண்ணுச்சாமியிடம் பரப்ப ஒன்றுமில்லை. தேநீருக்கு ரசீது கிடையாது. இருபது நிமிடத்தில் வழக்கு முடிந்தது. பட்டா சோலையம்மாளுக்கே திரும்பியது.

ஹாலாஸ்யம் நான்காவது வரியை மீண்டும் அடித்தார்: 'இரு தரப்பினரையும் கேட்டறிந்தேன்.' 'பொறுமையுடன்' என்பதைச் சேர்க்கவில்லை. அந்த இருபது நிமிடத்தில் அதிகாரி ஏழு முறை கடிகாரம் பார்த்ததை அவர் எண்ணியிருந்தார்.